மேக்பெத்: சூனியக்காரிகள் சொன்னதும் சொல்லாததும்

மேக்பெத் நாடகத்தை முதன்முறை படிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான் வருகிறது. "நீ ராஜா ஆவாய்" என்று சூனியக்காரிகள் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சொன்னபடியே அவன் ராஜா ஆகிறான். அப்படியானால் அந்தக் கொலைப்பழி அவனுடையதா, விதியினுடையதா? நடக்க வேண்டியதுதான் நடந்தது என்றால் அவன் ஏன் உறக்கம் கெட்டுத் தவிக்க வேண்டும்? அவன் மனைவி ஏன் நள்ளிரவில் தூக்கத்திலேயே எழுந்து வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்?

இதற்கான விடை நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. சூனியக்காரிகள் பேசிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அவற்றில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கணக்குப் போட்டால் போதும்.

கதை, சுருக்கமாக

ஷேக்ஸ்பியர் இதை 1606 வாக்கில் எழுதியிருக்க வேண்டும் என்பது பரவலான கணிப்பு. அச்சில் வந்தது அவர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து, 1623-இல். அவருடைய துன்பியல் நாடகங்களில் இதுவே மிகச் சிறியது.

ஸ்காட்லாந்து அரசர் டங்கன். அவருடைய தளபதிகள் மேக்பெத், பாங்க்வோ. போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் இருவரையும் மறித்து, இனி நடக்கப்போவதை உரைக்கிறார்கள். மேக்பெத்தின் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து தங்கும் டங்கனை, மனைவியின் தூண்டுதலோடு மேக்பெத் கொல்கிறான், ராஜா ஆகிறான். அப்புறம் பாங்க்வோவை ஆள் வைத்துக் கொல்கிறான். மேக்டஃப் என்ற பிரபு தப்பி இங்கிலாந்துக்குப் போய்விட, அவருடைய மனைவி மக்களை வெட்டிச் சாய்க்கிறான். கடைசியில் டங்கனின் மகன் மால்கம் படையோடு வர, மேக்டஃப் கையால் மேக்பெத் சாகிறான்.

மூன்று வாழ்த்துகளில் குறி எத்தனை?

சூனியக்காரிகள் மேக்பெத்தை மூன்று பெயர்களால் வாழ்த்துகிறார்கள்.

1. "கிளாமிஸ் பிரபுவே, வாழ்க." இது அவனிடம் ஏற்கெனவே இருக்கும் பட்டம். அவனே அந்தக் காட்சியில் அப்படித்தான் சொல்கிறான்.

2. "காடர் பிரபுவே, வாழ்க." இதற்கு முந்தைய காட்சியிலேயே, துரோகியாகிப் பிடிபட்ட காடர் பிரபுவின் பட்டத்தை மேக்பெத்துக்குக் கொடுக்கும்படி டங்கன் உத்தரவிட்டுவிட்டார். பார்வையாளர்களுக்கு அது தெரியும். தூதுவன் இன்னும் வந்து சேராததால் மேக்பெத்துக்கு மட்டும் தெரியாது.

3. "இனி அரசனாகப் போகிறவனே, வாழ்க."

ஆக, ஒன்று பழைய செய்தி. இன்னொன்று முடிந்துபோன உத்தரவு. எதிர்காலம் பற்றியது மூன்றாவது மட்டும்தான். ஆனால் தூதுவன் வந்து காடர் பட்டத்தை அறிவித்ததும், இரண்டு உண்மையாகிவிட்டது, மூன்றாவதும் பலிக்கும் என்று மேக்பெத்தின் மனம் தாவுகிறது. அந்த இடத்திலேயே பாங்க்வோ எச்சரிக்கிறார்: இருளின் ஏவலாட்கள் சின்னச் சின்ன விஷயங்களில் உண்மை பேசி நம்மை வசப்படுத்துவார்கள், பெரிய விஷயத்தில் கவிழ்த்துவிடுவார்கள்.

மூன்றாவது வாழ்த்தில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். எப்போது ராஜா ஆவான் என்று இல்லை. எப்படி என்று இல்லை. எத்தனை நாள் என்று இல்லை. டங்கனின் பெயர் அதில் வரவில்லை. யாரையும் கொல் என்று யாரும் சொல்லவில்லை. டங்கனைக் கொல்வது பற்றிய எண்ணம் முதன்முதலில் வெளிப்படுவது மேக்பெத்தின் வாயிலிருந்துதான். ராஜா ஆவாய் என்று கேட்டதும் அவன் மகிழவில்லை, திடுக்கிடுகிறான். "இவ்வளவு நல்ல சொல்லைக் கேட்டு ஏன் பயந்தவன்போல் துணுக்குறுகிறாய்?" என்று பாங்க்வோ கேட்கிறார். சற்று நேரத்தில், மயிர்க்கூச்செறியச் செய்யும் ஒரு காட்சி தன் மனத்தில் தோன்றுவதாக மேக்பெத் தனக்குள் பேசுகிறான். தூண்டில் வெளியிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அதைக் கவ்வும் ஆசை அவனுக்குள் முன்பே இருந்திருக்கிறது.

ஊழ் வேறு, குறி வேறு

நாம் இந்த நாடகத்தை "விதியின் விளையாட்டு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லால் வருவது. ஊழ் என்பது மனிதன் என்ன செய்தாலும் வந்து சேர்வது. குறி என்பது வரப்போவதைப் பற்றி ஒருவர் சொல்லும் சொல். கேட்டவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பது தனிக் கேள்வி.

கிரேக்கத் துன்பியலில் ஈடிபஸின் நிலை ஊழுக்கு நெருக்கமானது. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று கேட்டவன் அதைத் தவிர்க்கத்தான் ஊரைவிட்டே ஓடுகிறான். ஓடும் வழியில்தான் தந்தையை, தந்தை என்று தெரியாமலே, கொல்கிறான். மேக்பெத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. யாரைக் கொல்கிறோம், எந்த அறையில், எந்தக் கத்தியால், அது ஏன் தவறு என்பதெல்லாம் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும்.

இதே நிலைமையில் நேரெதிராக நடந்த ஒருவரைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். வஞ்சியில் தந்தையின் அவையில் இருந்த இளங்கோவைப் பார்த்து, அரசு வீற்றிருக்கும் அடையாளம் உனக்கு இருக்கிறது என்று நிமித்திகன் சொல்கிறான். சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதை சொல்கிறபடி, இளங்கோ அவனைச் சினந்து நோக்கி, அண்ணன் செங்குட்டுவனின் மனவருத்தம் நீங்கத் துறவு பூண்டார். ஒரு சொல்லைக் கேட்டவருக்குத் தேர்வு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் அறியேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாடகத்தில் அந்த மூவரும் பெரும்பாலும் 'வியர்ட் சகோதரிகள்' என்றே குறிக்கப்படுகிறார்கள். இன்று அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'விசித்திரமான' என்று பொருள். ஆனால் அதன் வேர்ச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் விதி என்றே பொருள். ஷேக்ஸ்பியர் அந்தச் சந்தேகத்தை வேண்டுமென்றே உயிரோடு வைத்திருக்கிறார். ஆனால் எல்லையையும் அவரே காட்டிவிடுகிறார். மேக்பெத் வருவதற்குச் சற்று முன், ஒரு சூனியக்காரி தனக்குத் தின்பண்டம் தர மறுத்த பெண்ணின் மேல் வஞ்சம் தீர்க்கப் போவதாகச் சொல்கிறாள். அந்தப் பெண்ணின் கணவன் ஒரு மாலுமி. அவனுடைய தூக்கத்தைப் பறிப்பேன், கப்பலைப் புயலில் அலைக்கழிப்பேன் என்கிறாள். ஆனால் கப்பலை மூழ்கடிக்க முடியாது என்றும் அவளே ஒப்புக்கொள்கிறாள். அலைக்கழிக்கலாம், மூழ்கடிக்க முடியாது. அவர்களுடைய அதிகாரம் அவ்வளவுதான். அடுத்து மேடைக்கு வருகிறவன் மேக்பெத்.

ஆசை கொலையாக மாறிய இடம்

குறி கேட்ட கையோடு மேக்பெத் கத்தி எடுக்கவில்லை. "அதிர்ஷ்டம் என்னை ராஜா ஆக்குவதானால், நான் அசையாமலே ஆக்கட்டும்" என்றுதான் முதலில் நினைக்கிறான். அது வெறும் கனவல்ல. 11-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் அரசரின் மூத்த மகனுக்கே பட்டம் என்ற நிலையான வழக்கம் இல்லை. அரச குலத்தின் கிளைகளுக்குள் அது மாறி மாறிப் போகும். வரலாற்று மேக்பெத் 1040-இல் டங்கனைப் போரில் வீழ்த்தித்தான் அரசனானார். விருந்தாளியைப் படுக்கையில் கொன்றல்ல. 17 ஆண்டுகள் ஆண்டார். 1050-இல் ரோமுக்கு யாத்திரை போய்வரும் அளவுக்கு அவருடைய ஆட்சி நிலைபெற்றிருந்தது. ஷேக்ஸ்பியருக்குக் கதை கிடைத்தது ஹோலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலில். அதில் டஃப் என்ற வேறோர் அரசரை, அவரை உபசரித்தவனே மனைவியின் தூண்டுதலால் கொன்ற கதை இருக்கிறது. அந்தக் கொலையை எடுத்து மேக்பெத்தின் மேல் ஏற்றினார் ஷேக்ஸ்பியர். அவருக்கு வேண்டியிருந்தது போர்க்களச் சாவு அல்ல, நம்பி வந்தவரைக் கொல்லும் மனம்.

பழைய வழக்கத்தின் தடம் நாடகத்தில் இருக்கிறது. முதல் அங்கத்தின் 4-ஆம் காட்சியில், மூத்த மகன் மால்கம்தான் எனக்குப் பின் அரசன் என்று டங்கன் அவையில் அறிவிக்கிறார். இந்த அறிவிப்பு தேவைப்படுகிறது என்பதே பட்டம் தானாக மகனுக்குப் போகாது என்று காட்டுகிறது. அந்த நொடியில் மேக்பெத்தின் கணக்கு மாறுகிறது. இந்தப் படியில் இடறி விழ வேண்டும், அல்லது தாண்டிக் குதிக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். இதே காட்சியில், துரோகம் செய்த பழைய காடர் பிரபுவை நினைத்து, முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் வித்தை எதுவும் இல்லையே, அவனை முழுதாக நம்பியிருந்தேனே என்று டங்கன் வருந்துகிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளே நுழைகிறான் புதிய காடர் பிரபு.

அப்புறம் 7-ஆம் காட்சி. என் பார்வையில் நாடகத்தின் அச்சாணி இதுதான். விருந்து நடந்துகொண்டிருக்கும்போது மேக்பெத் தனியாக வந்து, கொலை செய்யக் கூடாததற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறான்: நான் அவருடைய உறவினன், அவருடைய குடிமகன், அவரை உபசரிப்பவன், கொலையாளி வராமல் கதவைச் சாத்த வேண்டியவன். போதாததற்கு டங்கன் நல்ல அரசர். இவ்வளவுக்கும் எதிராகத் தராசின் மறுதட்டில் வைக்க அவனிடம் இருப்பது பேராசை ஒன்றுதான். அதையும் அவனே சொல்கிறான். குதிரையின் மேல் ஏறத் துள்ளும் வீரன் வேகம் மிஞ்சி, சேணத்தில் உட்காராமல் மறுபக்கம் போய் விழுவதுபோன்ற ஆசை என்கிறான். விழப்போவது தெரிந்தே துள்ளுகிறான்.

இந்தக் காட்சி முழுவதையும் ஒருமுறை சூனியக்காரிகளைத் தேடிப் படித்துப் பாருங்கள். அவர்கள் பெயரே வராது. மேக்பெத்தின் தனிமொழியில் குறி பற்றி ஒரு சொல் இல்லை. "இந்தக் காரியத்தில் இனி மேலே போக வேண்டாம்" என்று அவன் பின்வாங்கும்போது, அவன் மனைவியும் "குறி பலிக்க வேண்டாமா?" என்று கேட்கவில்லை. செய்யத் துணிந்தபோதுதான் நீ ஆண்மகன் என்கிறாள். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்கிறாள். காவலர்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பழியை அவர்கள் தலையில் போடலாம் என்று திட்டத்தை விவரிக்கிறாள். கொலை முடிவான அந்தக் காட்சியில் இருந்தவர்கள் கணவனும் மனைவியும் மட்டுமே. விதி மேல் பழிபோட நினைக்கும் எந்த வாதமும் இங்கே நின்றுவிடுகிறது.

குற்ற உணர்வு: எதிரெதிர்த் திசையில் இருவர்

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. மாட்டிக்கொள்வோமோ என்பது அச்சம். செய்தது தவறு என்று உள்ளே அறுப்பது குற்ற உணர்வு. அந்தத் தவறால் கிடைத்ததைக் கைவிட்டுத் திரும்புவது மனந்திரும்புதல். மேக்பெத் தம்பதியிடம் முதல் இரண்டும் நிறைய உண்டு. மூன்றாவது கடைசிவரை இல்லை.

குற்ற உணர்வு குற்றத்துக்குப் பின்னால் வரும் என்றுதான் நாம் நினைப்போம். மேக்பெத்துக்கு அது முன்னாலேயே வந்துவிடுகிறது. குறி கேட்டதும் திடுக்கிட்டது, அறைக்குப் போகும் வழியில் காற்றில் இரத்தம் தோய்ந்த கத்தி தெரிந்தது எல்லாம் கொலைக்கு முன்பு. கொன்றுவிட்டு வந்ததும், பக்கத்து அறையில் யாரோ கடவுளே காப்பாற்று என்றபோது தன்னால் "ஆமென்" சொல்ல முடியாமல் தொண்டை அடைத்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறான். "மேக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான், இனி தூங்கமாட்டான்" என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான். கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்தக் கையைக் கழுவாது, கைதான் கடலைச் சிவப்பாக்கும் என்கிறான். இத்தனை தெரிந்தும் செய்தானே என்பதுதான் இந்த நாடகத்தின் பயங்கரம். மனசாட்சி இல்லாதவனின் கதையாக இருந்தால் நம்மை இவ்வளவு உலுக்காது.

லேடி மேக்பெத் அந்த இரவில் வேறு மாதிரி இருக்கிறாள். கொஞ்சம் தண்ணீர் போதும், கறை போய்விடும் என்கிறாள். அவன் மறந்து கையோடு கொண்டுவந்த கத்திகளைத் தானே எடுத்துப்போய்த் திரும்ப வைக்கிறாள். ஆனால் ஒரே ஒரு வரியில் அவள் உள்ளம் வெளியே தெரிந்துவிடுகிறது: தூங்கும்போது அவர் என் அப்பாவைப்போல் இல்லாதிருந்தால் நானே முடித்திருப்பேன். அவள் அடக்கி வைத்தது அங்கே இருக்கிறது. அது வெளியே வர நாடகத்தின் 5-ஆம் அங்கம் வரை ஆகிறது.

நடுவில் இருவரும் ஒருவரையொருவர் கடந்துபோகிறார்கள். பாங்க்வோவைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ததை மேக்பெத் மனைவியிடம் சொல்வதில்லை. உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மழுப்புகிறான். டங்கன் கொலையில் ஒரே கையாக இருந்தவர்கள் இங்கே பிரிகிறார்கள். விருந்தில் பாங்க்வோவின் ஆவியைப் பார்த்து அவன் அலறும்போது, எதுவும் தெரியாத அவள்தான் விருந்தினரைச் சமாளித்து அனுப்புகிறாள். அன்றிரவே அவன் சொல்கிறான்: இரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கி நடந்துவிட்டேன், திரும்பிப்போவதும் அக்கரைக்குப் போவதும் ஒரே சிரமம்தான். இதற்குப் பிறகு மேக்டஃபின் மனைவி குழந்தைகளைக் கொல்ல உத்தரவிடும்போது அவனிடம் தயக்கமே இல்லை. நினைத்ததை நினைத்தவுடன் கை செய்யும் என்கிறான். கடைசியில் பெண்களின் அலறல் கேட்டாலும் அச்சத்தின் ருசியே மறந்துபோனது என்று சொல்லும் நிலைக்கு வருகிறான். மனைவி இறந்த செய்தி வரும்போது அவனுக்கு அழுகைகூட வரவில்லை. நாளை, நாளை என்று நகரும் பொருளற்ற நாட்களைப் பற்றித்தான் பேசுகிறான்.

அவள் போகும் திசை நேர்மாறு. முதல் அங்கத்தில், தன் கத்தி செய்யும் காயம் கத்திக்கே தெரியக் கூடாது என்று அடர்ந்த இரவை அழைத்தவள். 5-ஆம் அங்கத்தில் அவள் பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும்; அது அவளுடைய கட்டளை என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். தண்ணீர் போதும் என்றவள் கால் மணி நேரம் கையைத் தேய்க்கிறாள், கறை போகவில்லை. "ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள், அவள் இப்போது எங்கே?" என்று கேட்கிறாள். அது மேக்டஃபின் மனைவி. அந்தக் கொலையில் லேடி மேக்பெத்துக்குப் பங்கு இருந்ததாக நாடகம் எங்கும் காட்டவில்லை. கணவன் உணர மறந்த குற்றத்தையும் சேர்த்து அவள் சுமக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. எப்போதும் கவிதையில் பேசிய அவள், இந்தக் காட்சியில் துண்டு துண்டான உரைநடையில் பேசுகிறாள். மொழியே அவளிடம் உடைந்துவிட்டது.

இரட்டுற மொழிதல்

நம் கவிஞர்களிடம் சிலேடை ஒரு வித்தை. 1606-இல் லண்டனில் இரட்டைப் பொருள் உயிர்போகும் விவகாரமாக இருந்தது. 1605 நவம்பரில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்த்து அரசர் ஜேம்ஸைக் கொல்லும் சதி பிடிபட்டது. அதில் தொடர்புடையவராக விசாரிக்கப்பட்ட ஹென்றி கார்னெட் என்ற பாதிரியார் 1606 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். பொய் சொல்லாமல், ஆனால் கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும்படி பேசும் முறையை அவர் ஆதரித்தார் என்பது விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. நாடகத்தில் குடிபோதையில் வரும் வாயிற்காவலன், அப்படிப் பேசுகிறவன் ஒருவன் நரகத்தின் கதவைத் தட்டுவதாகப் பேசுவதில் அன்றைய பார்வையாளர்களுக்குக் கார்னெட் தெரிந்திருப்பார். சூனியத்தைப் பற்றி 1597-இல் நூலே எழுதியவர் ஜேம்ஸ். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அவருடைய ஆதரவில் இருந்தது.

முதல் அங்கத்தில் சூனியக்காரிகள்தான் மேக்பெத்தைத் தேடி வந்தார்கள். 4-ஆம் அங்கத்தில் அவன் அவர்களைத் தேடிப் போகிறான். அங்கே மூன்று உருவங்கள் எழுகின்றன.

1. கவசம் அணிந்த ஒரு தலை. மேக்டஃபிடம் எச்சரிக்கையாக இரு என்கிறது.

2. இரத்தம் தோய்ந்த குழந்தை. பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் மேக்பெத்துக்குத் தீங்கு வராது என்கிறது.

3. முடி சூடி, கையில் மரக்கிளை பிடித்த குழந்தை. பர்னம் காடு, மேக்பெத்தின் கோட்டை இருக்கும் டன்சினேன் குன்றுக்கு நகர்ந்து வரும்வரை தோல்வி இல்லை என்கிறது.

முதலாவதும் இரண்டாவதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. யாராலும் ஆபத்து இல்லை என்றால் மேக்டஃபிடம் எதற்கு எச்சரிக்கை? மேக்பெத்துக்கே அது தோன்றுகிறது. ஆனால் யோசிக்காமல், எதற்கும் இருக்கட்டும், மேக்டஃபைக் கொன்றுவிடலாம் என்று முடிவெடுக்கிறான். மேக்டஃப் ஏற்கெனவே ஓடிவிட்டதால் வெட்டு குடும்பத்தின் மேல் விழுகிறது. மேக்டஃபுக்குச் சொந்தப் பகையை உண்டாக்கியது அந்த உத்தரவுதான்.

சொற்கள் மறைத்ததை உருவங்கள் திறந்தே காட்டின. தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவர் மேக்டஃப். இயல்பான பிரசவத்தில் பிறந்தவர் அல்ல. இரத்தம் தோய்ந்த குழந்தை அவர்தான். தன் வீரர்களைப் பர்னம் காட்டின் மரக்கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு மறைந்து வரச் சொன்னவர் மால்கம். முடி சூடிய குழந்தையின் கையில் இருந்த கிளை அதுதான். முதலில் வந்த வெட்டுண்ட தலை மேக்பெத்துடையதே என்று கொள்வோரும் உண்டு. கடைசிக் காட்சியில் மேக்டஃப் அவனுடைய தலையோடுதான் மேடைக்கு வருகிறார். காதுக்குக் கேட்டதை நம்பினான், கண்ணுக்குத் தெரிந்ததைப் படிக்கவில்லை. ஆசை இருக்கும் இடத்தில் இரட்டைப் பொருள் தேவையே இல்லை; கேட்பவனே தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்கிறான்.

பாங்க்வோவின் குறி

மேக்பெத்தின் நடத்தையில் ஒரு பெரிய முரண் உண்டு. "நீ அரசனாக மாட்டாய், உன் வழியில் அரசர்கள் வருவார்கள்" என்று பாங்க்வோவுக்கும் அதே வாய்கள்தான் சொன்னன. தனக்குச் சொன்னது பலிக்கும் என்று நம்பிக் கொலை செய்தவன், பாங்க்வோவுக்குச் சொன்னது பலிக்காமல் இருக்க இன்னொரு கொலை செய்கிறான். குறி மாற்ற முடியாதது என்றால் இரண்டாவது கொலை வீண். மாற்றக்கூடியது என்றால் முதல் கொலைக்கு அது சாக்காக முடியாது.

பாங்க்வோ பரிசுத்தர் என்று சொல்ல வரவில்லை. மூலக்கதையில் அவர் கொலைக்கே உடந்தை. அரசர் ஜேம்ஸின் முன்னோராக அவர் கருதப்பட்டதால் ஷேக்ஸ்பியர் அந்தப் பழியை எடுத்துவிட்டார் என்பது பலருடைய கருத்து. அப்படியும் நாடகத்தின் பாங்க்வோவுக்கு ஆசை வருகிறது. தூக்கத்தில் வரும் கெட்ட எண்ணங்களை அடக்கும்படி வேண்டிக்கொள்கிறார். மேக்பெத்தின் மேல் சந்தேகம் வந்த பிறகும் வாய் திறக்காமல், தன் குறியும் பலிக்குமோ என்று உள்ளூர நினைக்கிறார். அது அவருடைய குறை. ஆனால் கத்தி எடுக்கவில்லை.

கொலையாளிகள் பாய்ந்தபோது அவருடைய மகன் ஃப்ளீயன்ஸ் இருட்டில் தப்பி ஓடுகிறான். அதற்குப் பிறகு அவன் மேடைக்கு வருவதே இல்லை. நாடகம் முடியும்போது முடிசூடப் போகிறவர் மால்கம். பாங்க்வோவுக்குச் சொன்ன குறி இன்னும் பலிக்காமலே நிற்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் பாங்க்வோவைக் கற்பனைப் பாத்திரம் என்கிறார்கள். ஆனால் அன்றைய நம்பிக்கையின்படி அவருடைய வழிவந்த ஸ்டூவர்ட் குலம் ஸ்காட்லாந்தின் அரியணையில் ஏறியது 1371-இல், மேக்பெத் இறந்து 300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. 1603-இல் அந்தக் குலத்தின் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். மூன்று ஆண்டுகள் கழித்து லண்டனில் இந்த நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு, ஓடிப்போன அந்தப் பையன் எங்கே போனான் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.